ஒரு மலை, இரண்டு நீதி: ஏலமலையில் திருவிதாங்கூர்ச் சட்டம்

(போடிநாயக்கனூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போடிநாயக்கனூரிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. முந்தலைத் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தால் போடிமெட்டு. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, நெடுங்கண்டம். காய் எடுக்கப் போகும் பெண்களின் பேச்சும் பாட்டும் சாவடியைத் தாண்டியதும் மாறிவிடுவதில்லை. தூக்குவாளியில் இருக்கும் சோறும் மாறுவதில்லை. அவர்கள் காலடியில் இருக்கும் மண்ணுக்குரிய சட்டம் மட்டும் அந்த இடத்தில் மாறிவிடுகிறது. கூலியை நிர்ணயிக்கும் அரசு வேறு, நிலத்துக்குக் கரம் வாங்கும் அரசு வேறு. தோட்டக்காரர் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கும் பத்திரத்தின் மொழியும் வேறு.

இந்த மாற்றம் 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது வந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். அது அதைவிட நூறாண்டுக்கு மேல் பழையது. மேற்குச் சரிவு திருவிதாங்கூர் மன்னரின் நாடாகவும் கிழக்குச் சரிவு சென்னை மாகாணமாகவும் இருந்த காலத்திலேயே இரண்டு வெவ்வேறு நீதி முறைகள் இந்த மெட்டில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. கிழக்கே இருந்தது காலப்போக்கில் கலைந்தது. மேற்கே திருவிதாங்கூர் எழுதியது இன்றும் ஏலக்காய்க் காட்டில் உயிரோடு இருக்கிறது. போடிக்காரர்கள் தங்கள் வாழ்வை நடத்திக்கொண்டிருப்பது அந்தச் சட்டத்தின் மேல்தான். ஆனால் அதைப் படித்தவர்கள் போடியில் மிகக் குறைவு.

கிழக்குப் பக்கத்தை முதலில் பார்த்துவிடலாம். மதுரை நாயக்கர்களின் பாளையங்களுள் ஒன்று போடி. கும்பெனி ஆட்சியில் பாளையங்கள் ஜமீன்களாயின. 1802ஆம் ஆண்டின் 25ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஜமீன் முறைக்கு எழுத்து வடிவம் கொடுத்தது. பெரிய ஜமீன் என்பது பங்கு போட முடியாத சொத்து. பட்டத்துக்கு ஒருவர், மற்றப் பங்காளிகளுக்கு ஜீவனாம்சம். இந்த ஏற்பாட்டில் வழக்கு முளைக்காத ஜமீன் தென்தமிழகத்தில் அரிது. சிவகங்கை ஜமீன்தார் கௌரி வல்லபர் 1829இல் இறந்த பின் தொடங்கிய வாரிசு வழக்கு 1863இல்தான் இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிந்தது. அவருடைய மகள் காத்தம நாச்சியார் வென்றார். ஐந்து ஆண்டு கழித்து, 1868இல், ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார் செய்துகொண்ட தத்து செல்லுமா என்ற வழக்கில், மதுரைக் கலெக்டரே ஒரு கட்சிக்காரராக நின்றார். கணவன் அனுமதி தராவிட்டாலும் உறவின்முறையின் சம்மதத்தோடு விதவை தத்தெடுக்கலாம் என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிவைத்த சாஸ்திரத்தை விட வலுவானது என்ற கொள்கை இந்திய நீதிமன்றங்களில் நிலைபெற்றது அந்த மதுரைச் சீமை வழக்கில்தான்.

ஆக, மெட்டுக்குக் கிழக்கே ஒரு குடும்பச் சண்டை முற்றினால் மதுரை, சென்னை, கடைசியில் இலண்டன் என்று கப்பலேறிப் போகலாம். மெட்டுக்கு மேற்கே அப்படிப் போக வழியில்லை. திருவிதாங்கூர் சமஸ்தானம் என்பதால் வழக்கு திருவனந்தபுரத்தோடு நின்றுவிடும். கடைசிச் சொல் மகாராஜாவுடையது. சில மைல் இடைவெளியில் வாழ்ந்த இரண்டு மனிதர்களுக்கு நீதியின் உச்சி இரண்டு வெவ்வேறு கண்டங்களில் இருந்தது.

1948இல் சென்னை அரசு கொண்டுவந்த ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு கிழக்கே பழைய ஏற்பாடு முடிந்தது. ரயத்துவாரிப் பட்டா வந்தது. அதோடு அந்தக் கதை பெரும்பாலும் தீர்ந்தது.

மேற்கில் தீரவில்லை.

திருவிதாங்கூரின் சட்ட வரலாற்றை 1750 ஜனவரியிலிருந்து தொடங்குவது வழக்கம். மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் வாளைப் பத்மநாப சுவாமியின் திருமுன் வைத்து, நாட்டையே இறைவனுக்கு எழுதிக்கொடுத்த திருப்படிதானம் நடந்த மாதம் அது. அதன் பின் ஆண்டவர்கள் பத்மநாபதாசர்கள், அதாவது இறைவனின் பெயரால் ஆளும் ஊழியர்கள். பக்திக் கதையாக மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போவது போதாது. வென்று சேர்த்த சிற்றரசர் நாடுகள் எல்லாம் ஒரே உடைமையாளரின் பெயருக்குள் வந்துவிட்டன என்பதால், நிலத்துக்கு மூல உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அரசு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டது.

ஆனால் அன்றாட நீதி அதற்குப் பின்னும் வெகுகாலம் பழைய வழியிலேயே நடந்தது. வியவகாரமாலை என்ற நூலும் ஊர் வழக்கமும் சாதி மரியாதையும் சேர்ந்ததுதான் சட்டம். நம்பூதிரி ஒருவர் மீது ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்டால் சுசீந்திரம் கோயிலில் கைமுக்கு நடக்கும். கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்துக் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். புண் இல்லையென்றால் குற்றமில்லை. இது நடந்த இடம் தமிழ் பேசும் நாஞ்சில் நாடு. நடந்த காலம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை. சுவாதித் திருநாள் ஆட்சியில்தான் அது ஒழிந்தது.

அதற்கு முன்பே ஒரு பெரிய திருப்பம் வந்துவிட்டது. 1810இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ 1811இல் திவான் பொறுப்பையும் ஏற்று 1814 வரை இரண்டையும் வகித்தார். சட்டவரியோலைகள் என்று பெயர்பெற்ற விதித்தொகுப்பை எழுதியவர் அவர். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவை என ஐந்து இடங்களில் ஜில்லா நீதிமன்றங்களை நிறுவியவரும் அவரே. வரி வாங்குபவரே நீதியும் சொல்லும் பழைய முறையிலிருந்து நீதி தனியே பிரிந்தது இங்கேதான். நீதிபதிகளோடு சாஸ்திரம் அறிந்த ஒருவரும் உட்கார்ந்தார். புதிய நீதிமன்றத்துக்குள் பழைய தர்மசாஸ்திரத்துக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள் என்று சொல்லலாம். அந்த ஐந்தில் முதல் நீதிமன்றம் இருந்த பத்மநாபபுரம் இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. எனவே இது அயலார் வரலாறு அன்று.

சுவாதித் திருநாள் காலத்தில் கண்டன் மேனோன் என்ற அதிகாரியின் பொறுப்பில் ஒழுங்கான சட்டத் தொகுப்பு ஒன்று உருவாகி, கொல்லம் ஆண்டு 1010இல், அதாவது 1835 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. கும்பெனியின் சென்னை ஒழுங்குமுறைகளை ஒட்டி எழுதப்பட்டது அது. முன்சீப் நீதிமன்றங்களும் அந்த ஆட்சியில் வந்தவை. 1861இல் சதர் நீதிமன்றம், 1887இல் உயர் நீதிமன்றம். அதன் முதல் தலைமை நீதிபதி ராமச்சந்திர ஐயர். 1888இல் மன்னர் மூலம் திருநாள் சட்டசபையை அமைத்தார். இந்தியச் சமஸ்தானங்களில் அதுவே முதல் சட்டசபை.

இப்படி எழுதிய சட்டத்தின் தன்மை விளங்க, சற்று வெளியே பார்க்கலாம். உலகில் உரிமையியல் சட்டம் இரண்டு பெரிய வழிகளில் வளர்ந்திருக்கிறது. சட்டத்தை முதலில் முழுநூலாக எழுதிவைத்து, வழக்கை அந்த நூலுக்குள் கொண்டுவந்து பொருத்துவது ரோமாபுரியிலிருந்து பிரான்ஸ் வழியாக வந்த மரபு. வழக்குகளைத் தீர்த்துத் தீர்த்து, அந்தத் தீர்ப்புகளிலிருந்து சட்டத்தைக் காண்பது ஆங்கில மரபு. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 1803இல் பிரான்ஸிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்ட நிலம். சுற்றியுள்ள மாநிலங்கள் ஆங்கில வழியில் போனபோதும் அது 1808இலும் 1825இலும் தனக்கென்று சட்டநூல் எழுதிக்கொண்டு பிரெஞ்சு, ஸ்பானிய மரபைக் காப்பாற்றிக்கொண்டது. தமிழர்களுக்கு இது புதிதில்லை. புதுச்சேரியில் 1819இல் பிரெஞ்சுச் சட்டநூல்கள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் உள்ளூர் மக்களின் குடும்ப வழக்கங்கள் விடப்பட்டன. 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி அந்த வழக்கத்தைத் துறந்தவர்கள் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் போனார்கள். யாழ்ப்பாணத்தில் 1707இல் டச்சுக்காரர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி தமிழரின் தேசவழமையைத் தொகுத்தார். 12 முதலியார்கள் அதைச் சரிபார்த்து ஒப்பமிட்டார்கள். பிரிட்டிஷார் 1806இல் அதற்குச் சட்டத்தகுதி கொடுத்தார்கள். இன்றும் அங்கே அது செல்லுபடியாகிறது.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு நன்மை இருந்தது. அவர்கள் சட்டம் ஒரே கட்டாக, அவர்கள் மொழியில், அவர்கள் பெரியவர்கள் பார்த்துச் சம்மதித்த வடிவில் கைக்கு வந்தது. திருவிதாங்கூரின் நிலச்சட்டம் அப்படி வரவில்லை. தொகுப்பு நூல் ஒரு பக்கம் இருக்க, மலையையும் காட்டையும் ஆண்டது அவ்வப்போது வந்த விளம்பரங்கள், ஒப்பந்தங்கள், குத்தகை விதிகள். ஒரு ராணியின் விளம்பரம், ஒரு துரைக்குக் கொடுத்த பத்திரம், ஒரு வன அறிவிக்கை என்று துண்டு துண்டாகச் சேர்ந்ததுதான் ஏலமலையின் சட்டம். எந்தத் துண்டு எதற்கு மேல் என்று கேட்டு இன்றும் நீதிமன்றங்கள் விசாரித்துக்கொண்டிருக்கின்றன.

முதல் துண்டு 1822இல். ராணி கௌரி பார்வதி பாய் ஆட்சியில், ஏலம் பயிரிட மலையேறி வருவோரை அழைத்து விளம்பரம் வெளியானது. ஏலக்காய் அப்போது அரசின் ஏகபோகம். தேக்கு, ஈட்டி, சந்தனம் போல ஏலமும் அரசனுடைய உரிமைப் பொருள். காட்டைச் சீர்செய்து செடி வளர்த்தவர் காயைக் காயவைத்து அரசுப் பண்டகசாலையில் ஒப்படைக்க வேண்டும். விலையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கும். சரக்கு ஆலப்புழையில் ஏலம் போகும். மலையில் பயிரிட்டவர்களில் பெரும்பாலோர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடிப் பக்கமிருந்தும் ஏறிய தமிழர்கள். அவர்கள் வீடு இருந்தது பிரிட்டிஷ் எல்லைக்குள், உழைப்பு இருந்தது மன்னர் எல்லைக்குள். இன்றைய போடிக்காரர் நிலைமையும் அதுதான். ஏகபோகத்தின் கீழ் வாழ்ந்தவருக்கு ஏலக்காய் கடத்தல் பெரிய ஆசையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. காட்டுப்பாதையில் ஒரு மூட்டையைச் சுமந்து கிழக்கே இறங்கிவிட்டால் முழுவிலை.

1896இல் ஏகபோகம் நீங்கியது. அதற்குப் பதில் நிலவரி. பொருள் மீதிருந்த அரசின் பிடி நிலத்தின் மீது மாறியது. அடுத்த ஆண்டே, 1897 ஆகஸ்டு 24இல், திருவிதாங்கூர் வனச்சட்டத்தின் கீழ் ஏலமலைக் காப்புக்காடு பற்றிய அறிவிக்கை வந்தது.

இந்த அறிவிக்கையில் பரப்பளவு எவ்வளவு என்பதுதான் இன்றைக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் சண்டை. 15,720 ஏக்கர் என்பது கேரள அரசின் நிலை. 2,15,720 ஏக்கர் என்பது சுற்றுச்சூழல் அமைப்பினரின் வாதம். இரண்டு எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா இல்லையா என்பதுதான் வேறுபாடு. முதல் எண் சரியென்றால் காப்புக்காடு சுமார் 6,360 ஹெக்டேர். இரண்டாவது சரியென்றால் சுமார் 87,300 ஹெக்டேர். அதாவது உடும்பன்சோலை, தேவிகுளம் பக்கங்களில் ஊரும் பள்ளிக்கூடமும் கடைவீதியும் ஏலத்தோட்டமும் இருக்கும் பெரும்பகுதி சட்டப்படி காடாகிவிடும். காடென்றால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்து நிற்கும். மத்திய அரசின் அனுமதியில்லாமல் அந்த நிலத்தைக் காடு சாராத எதற்கும் பயன்படுத்த முடியாது. 2024 அக்டோபரில், ஏலமலை நிலங்களில் புதிய பட்டா வழங்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. நூற்று இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் பழைய ஒரு மன்னராட்சி அறிவிக்கையின் ஓர் இலக்கம் போடியின் ஏலக்காய் வணிகர் வீட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

சாவடிக்கு அப்பால் இன்னொரு விசித்திரமும் உண்டு. 1935இல் வந்த ஏல நிலக் குத்தகை விதிகளிலிருந்து தொடர்வது அது. நிலம் வருவாய்த் துறையின் பொறுப்பு, அதே நிலத்தில் நிற்கும் மரம் வனத் துறையின் பொறுப்பு. ஏலச்செடி நிழலில்லாமல் வாழாது. நிழல் அதிகமானாலும் காய் பிடிக்காது. எனவே ஆண்டுதோறும் கிளை கழிக்க வேண்டும். தோட்டக்காரர் செடிக்கு ஓர் அலுவலகத்துக்கும் கிளைக்கு வேறோர் அலுவலகத்துக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது தொல்லை என்று பலர் வருந்துவதுண்டு. ஆனால் பாராட்டவும் வேண்டும். ஏலமலையில் இன்றும் பெருமரங்கள் எஞ்சி நிற்பதற்குப் பயிரின் தேவையோடு இந்த இரட்டைக் காவலும் ஒரு காரணம். காப்பி, தேயிலை வந்த மலைகளில் காடு போன கதையைப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

அந்தப் பக்கத்து மலையான கண்ணன் தேவன் மலைதான் அடுத்த துண்டு. பூஞ்ஞாற்று அரச குடும்பம் தன்னை மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்ளும். கேரளத்துக்குள் இருந்துகொண்டு மீனாட்சியைக் குலதெய்வமாகக் கொண்டாடும் குடும்பம் அது. 1877 ஜூலை 11இல் பூஞ்ஞாற்று ராஜா கேரள வர்மா, கண்ணன் தேவன் மலையை ஜே. டி. மன்றோ என்ற துரைக்கு எழுதிக்கொடுத்தார். ஆண்டுக்கு ரூ.3,000 வாடகை. நிலமோ 1,37,000 ஏக்கருக்கு மேல். (இவர் முன்பு சொன்ன திவான் மன்றோ அல்லர், வேறொருவர்.) 1878இல் திருவிதாங்கூர் அரசு நிபந்தனைகளோடு அதை ஏற்றது. 1899இல் வந்த அரச விளம்பரம், அந்த மலை திருவிதாங்கூரின் பகுதியே, பூஞ்ஞாறு தனி அதிகாரம் கொண்டாட முடியாது என்று தெளிவாக்கியது.

இந்தப் பத்திரம் வெறும் பழங்காகிதமாகிவிடவில்லை. 1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கச் சட்டம் இயற்றியபோது அங்கே தோட்டம் நடத்திய கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் 1877ஆம் ஆண்டுப் பத்திரத்தையும் 1878ஆம் ஆண்டு ஒப்பந்தத்தையும் 1899ஆம் ஆண்டு விளம்பரத்தையும் வரிவரியாகப் படித்தார்கள். மலையின் ஜன்ம உரிமை, அதாவது மூல உடைமை, அரசுக்கே என்று 1972இல் தீர்ப்பாயிற்று. சட்டம் நின்றது.

இவ்வளவு பேசிய பத்திரங்களில் ஒரு தரப்பு மட்டும் எங்குமே இல்லை. கண்ணன் தேவன் என்பது அந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களின் தலைவர் ஒருவரின் பெயர் என்று வாய்மொழி வழக்கு சொல்கிறது. முதுவர்கள் தாங்கள் மதுரையிலிருந்து மீனாட்சியைச் சுமந்து மலையேறியதாகச் சொல்வார்கள். ராஜாவும் துரையும் கையெழுத்திட்ட பத்திரத்தில் அந்த மலையில் வாழ்ந்தவர்களின் கையெழுத்துக்கு இடம் வைக்கப்படவில்லை. மலையின் பெயரில் அவர்கள் தலைவர் இருக்கிறார், மலையின் உரிமையில் அவர்கள் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வரும்வரை எந்தச் சட்டமும் இந்தக் குறையைக் குறையென்று ஒப்புக்கொள்ளவில்லை. திருவிதாங்கூரின் சட்டத்தைப் புகழ்வோர் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

நிலத்தை விட்டு வீட்டுக்குள் வருவோம். அந்தக் காலத்தில் கிழக்கே தந்தை சொத்து மகனுக்கு. மேற்கே நாயர் தறவாடுகளில் மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரி மகனுக்கு. இடுக்கி மலையில் மன்னான் பழங்குடியின் அரசுரிமை இன்றும் பெண்வழியில் சகோதரி மகனுக்குப் போகிறது. தமிழரில் நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள்வழியினராக இருந்தார்கள். தந்தை இறந்தால் மனைவிக்கும் மக்களுக்கும் கிடைத்தது உகந்துடைமை என்ற சிறு பங்கு. மீதியெல்லாம் மருமகனுக்கு. இதனால் நாஞ்சில் நாட்டு வீடுகளில் எழுந்த அழுகையையும் வழக்கையும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ என்ற நூலாக்கினார். அதைப் படித்து நாடே சிரித்தது. பிறகு வெட்கப்பட்டது. திருவிதாங்கூர் சட்டசபை 1926இல் நாஞ்சில் வேளாளர் சட்டத்தை இயற்றி மக்களுக்கு வாரிசுரிமை கொடுத்தது. நாயர்களுக்கு 1912, 1925, ஈழவருக்கு 1925 என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனிச் சட்டம் வந்த காலம் அது. ஒரு கவிதை நூல் சட்டத்தை மாற்ற உதவியதற்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று கிடைப்பது கடினம்.

எல்லாச் சட்டமும் முன்னோக்கி நடக்கவில்லை. 1916இல் வந்த திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் தந்தை இறந்தால் மகளுக்கு, மகன் பங்கில் கால்பகுதி அல்லது ரூ.5,000, இவற்றில் எது குறைவோ அதுதான் என்றது. சமஸ்தானம் மறைந்து, குடியரசு வந்து, கேரளம் பிறந்த பிறகும் குடும்பங்கள் அதையே சட்டமென்று கொண்டாடின. கீழ்நாட்டிலிருந்து ராஜகுமாரி, ராஜாக்காடு பக்கம் குடியேறிய வீடுகளிலும் மகள்கள் அந்தக் கணக்கோடுதான் வீட்டைவிட்டுப் போனார்கள். மேரி ராய் என்ற ஆசிரியை வழக்குத் தொடுத்தார். 1951 ஏப்ரல் 1 முதலே அந்தச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. இறந்துபோன ஒரு சமஸ்தானச் சட்டத்தைச் சட்டமென்று நம்பி முப்பத்தைந்து ஆண்டுகள் பெண்கள் பங்கிழந்தார்கள். 

தேனி மாவட்டத்தில் பேசும்போது பெரியாற்றைச் சொல்லாமல் முடியாது. 1886 அக்டோபர் 29இல் பெரியாற்று அணைக்காகத் திருவிதாங்கூருக்கும் சென்னை அரசுக்கும் இடையே கையெழுத்தான குத்தகை 999 ஆண்டுக்கானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஆண்டுக்கு ரூ.5, மொத்தம் ரூ.40,000. அந்தப் பத்திரத்துக்குள்ளேயே, சண்டை வந்தால் நடுவர் தீர்ப்பு என்று ஒரு பிரிவு இருந்தது. சண்டை வந்தது. சென்னை அரசு அணையின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்க விரும்பியபோது, குத்தகை பாசனத்துக்கு மட்டுமே என்று திருவிதாங்கூர் மறுத்தது. 1941இல் மத்தியஸ்தர் நளினி ரஞ்சன் சாட்டர்ஜி திருவிதாங்கூர் பக்கம் தீர்த்தார். சிறிய சமஸ்தானம் பெரிய மாகாணத்தை, அதுவும் பிரிட்டிஷ் ஆட்சி நடக்கும்போதே, பத்திரத்தின் வாசகத்தைக் கொண்டு வென்றது. 1970இல் இரு மாநிலங்களும் துணை ஒப்பந்தம் செய்து வாடகையை ஏக்கருக்கு ரூ.30 ஆக்கின, மின்சாரத்துக்கும் வழிவிட்டன. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1886ஆம் ஆண்டு ஒப்பந்தம் இன்றும் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் கட்டுப்படுத்தும் என்று சொன்னது. கம்பம் பள்ளத்தாக்கில் இரண்டு போகம் நடக்கிறதென்றால் அதற்குப் பின்னால் அந்தப் பழைய பத்திரம் நிற்கிறது.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் போடிக்கு ஒரு வேலை இருக்கிறது. தோட்டக்காரர்களில் பலருக்கு மேற்குச் சரிவிலிருக்கும் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. தாத்தா வாசித்தார், அப்பா எழுத்துக்கூட்டினார், பேரன் தரகரிடம் கொடுத்துக் கேட்கிறார். குத்தகையா, பட்டாவா, கரம் கட்டிய ரசீது மட்டுமா என்பது தெரியாமலே கைமாறும் நிலங்கள் உண்டு. 1977 ஜனவரி 1க்கு முந்தைய குடியிருப்பு என்பதற்குச் சான்று இருந்தால் ஒரு வழி, இல்லாவிட்டால் வேறு வழி என்று சட்டம் பிரிகிறது. அந்தச் சான்றான பழைய ரசீது பெட்டியடியில் செல்லரித்துக்கொண்டிருக்கலாம்.

எனவே இங்கே வந்திருக்கும் வழக்கறிஞர்களுக்கும் சட்ட மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1822ஆம் ஆண்டு விளம்பரம், 1897ஆம் ஆண்டு அறிவிக்கை, 1935ஆம் ஆண்டுக் குத்தகை விதிகள் ஆகிய மூன்றையும் முழுமையாகத் தமிழாக்கி ஒரே நூலாகப் போடுங்கள். தோட்டக்காரர்கள் தங்களிடமுள்ள பத்திரம், பாட்டச் சீட்டு, கர ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து, மலையாளம் அறிந்த ஒருவரை உட்காரவைத்துத் தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எந்தப் பக்கம் வந்தாலும், அடுத்த நாள் காலையில் கையில் இருக்க வேண்டியவை அந்தக் காகிதங்கள்தான். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.